வட்ட மேசைக்குக் கடைசி எது?

ஊவா மாகாணத்துச் சகல குடிமக்களும், கொழும்பிலே கோட்டு அணிந்து கூட்டம் கூடுகிற கனவான்களும், கூட்டம் கூடாமலே கோட்டு அணிகிற கனவான்களும் இதனால் அறியவேண்டியது யாதெனில்: பண்டாரவளையில், பூனாகலைக்குப் போகும் பாதையோரம், சர்வதேசத் தரம் வாய்ந்த மாநாட்டு மண்டபம் ஒன்று உதயமாகிவிட்டது. இனிமேல் இந்த மலைகளில் எந்த ஒரு முக்கியமான தீர்மானமும் முக்கியமில்லாத இடத்தில் எடுக்கப்பட வேண்டிய அவலம் இல்லை.

இந்த வாசகத்தை இயற்றியவர் கஜேந்திரன். முதலில் ஹோட்டல் முகப்பில் பதாகையாகத் தொங்கவிட்டார். பதாகையைக் காற்று கிழித்த பிறகு முகநூலில் ஏற்றினார். ஏற்றியதை இன்னொரு தடவை வாசித்து, தாமே அதற்கு விருப்பமும் தெரிவித்தார். அவருடைய பதவி ‘மாநாடுகள் மற்றும் நிகழ்வுகள் முகாமையாளர்’. நெஞ்சில் குத்தியிருந்த பித்தளைத் தகட்டில் அவ்வளவும் அடங்காததால், செதுக்கியவன் ‘மாநாடுகள் மற்றும்’ என்பதோடு நிறுத்திவிட்டான்.

அந்த ‘ஹில் கிரௌன்’ ஹோட்டல், புதுப்பிக்கப்படுவதற்கு முன்பு நிஸாம் ஹாஜியாரின் லொட்ஜாக இருந்தது. கீழே சீமெந்து மூட்டை, மேலே பஸ்ஸைத் தவறவிட்ட பிரயாணிகள். ஹாஜியார் இரும்புக்கடையில் சம்பாதித்ததை அதற்குள் கொட்டி, சீமெந்து கிடந்த இடத்தில் கண்ணாடிச் சுவர் எழுப்பி, கணுக்கால் புதைகிற தரைவிரிப்பு விரித்து, கடைசியில் ஏ.சி.யும் பூட்டினார். பண்டாரவளையில் ஏ.சி. பூட்டுவது, மீனுக்குக் குடை பிடிக்கிற மாதிரி. ஹாஜியாருக்கே அந்தச் சந்தேகம் வந்தது.

“தம்பி, இந்த ஊர்ல சும்மா ஈந்தாலே பல்லு கிட்டுது. இது எதுக்கு?”

“ஹாஜியார், கொழும்பு ஆளுங்களுக்கு ஏ.சி. சத்தம் கேக்காட்டி யோசனை ஓடாது. தோஹாவுல நான் கண்ணால பாத்திருக்கேன்.”

தோஹாவில் அவர் ஒரு பெரிய ஹோட்டலில் விருந்து மண்டபத்துக்கு மேசை போடுகிற கோஷ்டிக்குத் தலைவராக இருந்தவர். பொய் இல்லை. ஆனால் ஊருக்குத் திரும்பிய பிறகு, உலகத்தில் எழுகிற எந்தக் கேள்விக்கும் தோஹாவில் ஒரு பதில் கிடைக்கும் என்ற முடிவுக்கு வந்துவிட்டார். பூனாகலையில் தோட்டத்து லய வரிசை வீட்டில் பிறந்தவர், அப்பா கங்காணி என்பதெல்லாம் கேட்டால் மறைக்க மாட்டார். கேட்பதற்கு இடைவெளி விடமாட்டார், அவ்வளவுதான்.

மண்டபம் திறந்து பல மாதம் ஆகியும் அதில் நடந்தவை ஒரு பிறந்தநாள் விழாவும், பாதியில் கலைந்த ஒரு காப்புறுதி முகவர் கூட்டமும்தான். ஹாஜியாரின் மருமகன் நௌபர் டைல்ஸ், கழிப்பறைக் கொமட் வியாபாரத்துக்கு இடம் தேடிக்கொண்டிருந்தார். ஒரு நாள் ஹாஜியார் கஜேந்திரனைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். அவர் ஆட்களை உட்காரவைத்துப் பேசினால் நல்ல செய்தியாக இருப்பதில்லை.

“இந்தத் தேயிலைக் கம்பெனிக் கூட்டம் ஈக்கித்தானே தம்பி. அது சரிவந்தா இந்த முகாமையாளர் வேல உங்களுக்குத்தான், நான் தலையிட மாட்டன். சரிவரல்லண்டா மண்டபத்த நௌபருக்குக் குடுத்திருவன். உங்கள வெளிய போடமாட்டன், அல்லாஹ்வுக்குப் பயந்தவன் நான். கொமட் பக்கம் பாக்க ஒரு ஆள் வேணும்.”

கஜேந்திரன் அந்தக் காட்சியை மனக்கண்ணில் கண்டார். பூனாகலைச் சொந்தக்காரர்கள் வரிசையாக வந்து, தோஹா கஜேந்திரனிடம், இதில் உட்கார்ந்தால் உடையுமா உடையாதா என்று விசாரிக்கிறார்கள். “ஹாஜியார், அந்தக் கூட்டம் என் கையில. நீங்க நிம்மதியா தொழப் போங்க” என்றார்.

கம்பெனி என்றால் பெயரைச் சொன்னால் வழக்கறிஞர் கடிதம் வருகிற அளவுக்குப் பெரிய கம்பெனி. அதன் டிரெக்டர், முதற்கட்டமாக ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் ஆட்களை, பெரிய தொரை எனப்படும் தோட்ட முகாமையாளரிலிருந்து கங்காணிகள் வரைக்கும், ஒரே மண்டபத்தில் கூட்டிப் பேச நினைத்திருந்தார். பிடித்துப்போனால் எல்லாத் தோட்டத்துக் கூட்டமும் மாதாமாதம் இங்கேயே. அதற்கென்று கொழும்பிலிருந்து ஜெயரூபன் என்ற ஆலோசகரை அமர்த்தியிருந்தார். அவர் தொலைபேசியில் அழைத்தார்.

“மிஸ்டர் கஜேந்திரன், மேடை வேண்டாம். தலைமை மேசை வேண்டாம். பேர்ப் பலகை ஒண்டும் வைக்கப்படாது. எல்லாம் வட்ட மேசை.”

“நோ ப்ரொப்ளம் சேர். தோஹாவுல—”

“இந்தக் கூட்டத்தின்ர நோக்கமே படிநிலைய உடைக்கிறதுதான். மேல் கீழ் எண்ட கதையே இருக்கக்கூடாது. ஆரும் எங்கையும் இருக்கலாம். விளங்குதோ?”

“வட்ட மேசை போடுறது எனக்கு ரொட்டி தட்டுற மாதிரி சேர்.”

உண்மையிலேயே அழகாகப் போட்டார். வெள்ளை விரிப்பு, நாற்காலிகளுக்குப் பட்டு உறை, உறைக்குப் பின்னால் தங்க நிற முடிச்சு. குறை சொல்ல வந்த நௌபரே ஒரு நாற்காலியைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

கூட்டத்தன்று காலையில் தோட்டத்து பஸ் வந்து நின்றது. கிளாக்கர்மார் டை கட்டியிருந்தார்கள். கங்காணிமார்களில் சிலர் தங்கள் கல்யாணக் கோட்டுக்குள் மறுபடியும் நுழைந்திருந்தார்கள். கோட்டு அதை ஏற்றுக்கொள்ளவில்லை. கொழுந்து பறிக்கும் பெண்களுக்குக் கங்காணியான ரெங்கம்மா தீபாவளிச் சேலையில் இறங்கினார். எல்லோரும் மண்டப வாசல்வரை கம்பீரமாக வந்தார்கள். வாசலில் அப்படியே நின்றுவிட்டார்கள்.

தோட்டத்துக் கூட்டங்களுக்கென்று ஒரு சட்டம் உண்டு. யாரும் எழுதி வைத்ததில்லை, யாரும் மீறியதுமில்லை. உள்ளே நுழைகிறவர் முன்வரிசைப் பக்கம் கண்ணைக்கூடத் திருப்பக் கூடாது; நேரே கடைசி வரிசைக்குப் போக வேண்டும். அது நிறைந்தால் அதற்கு முந்தியது. முதல் வரிசை தொரைமாருக்கு, அடுத்தது கிளாக்கர்மாருக்கு, பின்னால் கணக்கப்பிள்ளைமார், அதற்கும் பின்னால் கங்காணிமார். சங்கக் கூட்டமானாலும் பாலர் பள்ளிப் பரிசளிப்பானாலும் இதுதான் விதி. பிந்தி வந்தவர் பாடுதான் பாவம், முன்னால் உட்கார வேண்டிவரும்.

பெரிய கணக்கப்பிள்ளை நல்லையா மண்டபத்தை இடமிருந்து வலமாக ஒரு தடவை, வலமிருந்து இடமாக ஒரு தடவை பார்த்தார்.

“தம்பி, இதுல கடைசி எது?”

“கடைசின்னு ஒண்ணு இல்லீங்க ஐயா. எல்லாமே ஒண்ணுதான். உக்காருங்க.”

“நீ பூனாகலைக் கங்காணி மகன்தானே?”

“கஜேந்திரன்ங்க. தோஹாவுல கொஞ்ச காலம்—”

“தோஹாவுக்கு அப்புறம் போகலாம். பெரிய தொரை எங்க உக்காருவாரு?”

“அவரு எங்க வேணும்னாலும் உக்காருவாருங்க.”

நல்லையா தலையை ஆட்டினார். நோய் என்னவென்று புரிந்துகொண்ட வைத்தியரின் ஆட்டல். “அவரு எங்க வேணும்னாலும் உக்காருவாருன்னா, நாங்க எங்கயும் உக்கார முடியாதுப்பா.”

இதற்குத் தோஹாவில் பதில் இல்லை.

உதவி முகாமையாளர்களான சின்ன தொரைமார் இருவர் வந்தார்கள். இளைஞர்கள், பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள், வட்ட மேசை அவர்களுக்குப் புதிதல்ல. ஆனால் பெரிய தொரை வருவதற்கு முன் உட்கார்ந்திருப்பது புதிது. ஆகவே திரைச்சீலையின் தரத்தைப் பற்றி உரையாடிக்கொண்டு நின்றார்கள். பெரிய தொரை வந்தார். டிரெக்டர் இன்னும் வராததால் கண்ணாடிச் சுவர் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார், அதை இன்றுதான் முதன்முதலாகக் காண்பவர்போல. கடைசியில் டிரெக்டரும் வந்தார். கஜேந்திரன் பெருமூச்சு விட்டார். இனி அவர் உட்கார, மற்றதெல்லாம் சீட்டுக்கட்டுபோல ஒன்றன்பின் ஒன்றாகச் சரியும்.

டிரெக்டர் உட்காரவில்லை. நல்ல தலைவன் எல்லோரும் உட்கார்ந்த பிறகுதான் உட்காருவான் என்று ஜெயரூபன் அவருக்குப் பாடம் எடுத்திருந்தார். அதைச் செயலில் காட்டும் உறுதியோடு, கல்யாண வீட்டு வாசலில் பெண்ணின் தகப்பன் நிற்பதைப்போல, புன்னகை மாறாமல் கதவோரம் நின்றார்.

டிரெக்டர் நின்றதால் பெரிய தொரை நின்றார். அவர் நின்றதால் சின்ன தொரைமார் நின்றார்கள். அவர்களைப் பார்த்துக் கிளாக்கர்மாரும், கிளாக்கர்மாரைப் பார்த்துக் கணக்கப்பிள்ளைமாரும் நின்றார்கள். அவர்கள் எல்லோரும் உட்காருவதற்காக டிரெக்டர் நின்றார். தங்க முடிச்சுப் போட்ட நாற்காலிகள் நடுவில் வெறுமனே கிடக்க, தோட்டம் முழுவதும் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தது.

“இருங்கோ, இருங்கோ” என்று ஜெயரூபன் இரண்டு கையையும் தாழ்த்திக் காட்டினார்.

“இருக்கோம்ங்க ஐயா, நீங்க நடத்துங்க” என்றார்கள், நின்றபடியே.

கஜேந்திரன் சும்மா இருக்கிறவரல்ல. ஒரு முன்பக்கம் இருந்தால்தானே பின்பக்கம் வரும் என்று யோசித்து, ஒளிப்படத் திரையை ஒரு மூலைக்கு நகர்த்தினார். “இந்தா ஐயா, இது முன்னுக்கு. அந்தக் கோடி கடைசி. போதுமா?”

நல்லையா ஒரு மேசையைச் சுற்றி நடந்து ஆராய்ந்தார். “கடைசி சரி. ஆனா ஒவ்வொரு மேசையிலயும் பாதிப் பேரு முதுகைக் காட்டிக்கிட்டு உக்காரணுமே. அந்த முதுகு தொரை பக்கம் திரும்பிட்டா யாரு பொறுப்பு?”

“தொரை அதையெல்லாம் கவனிக்க மாட்டாருங்க.”

“அவரு கவனிக்க மாட்டாரு. கிளாக்கரு கவனிப்பாரு.”

பிறகு ஜெயரூபன் தமது பையிலிருந்த ஆயுதத்தை எடுத்தார். சீட்டுக் குலுக்கல். சீட்டில் எந்த மேசை இலக்கம் விழுகிறதோ அங்கே போய் உட்கார வேண்டும். சீட்டுகள் எடுக்கப்பட்ட மறுகணமே வாசலோரம் ஒரு சந்தை கூடியது.

“எனக்கு அந்த நடு மேசை விழுந்திருச்சு. யாராச்சும் மாத்திக்கங்க, புண்ணியமா போகும்” என்றார் ரெங்கம்மா.

“எங்கிட்டயும் நடு மேசைதான். உனக்குப் புண்ணியம் வேணும்னா இதையும் சேத்து வச்சுக்க” என்றார் இன்னொரு கங்காணி.

கொஞ்ச நேரத்தில் கதவுக்குப் பக்கத்து மேசைகளுக்கான சீட்டெல்லாம் கங்காணிமார் கையில் சேர்ந்துவிட்டன. நடு மேசைச் சீட்டுகள் பன்னச்செடித் தொட்டிக்குள் கிடந்தன. உட்கார்ந்தவர் யாருமில்லை.

இதற்கிடையில் ஏ.சி. தன் கடமையைச் செய்துகொண்டிருந்தது. ரெங்கம்மா முந்தானையைத் தோளோடு இழுத்துப் போர்த்தி, “கொஞ்சம் வெயில்ல நின்னுட்டு வந்துர்றேன்” என்று வெளியேறினார். அது எல்லோருக்கும் தேவைப்பட்ட வாக்கியமாக இருந்தது. கங்காணிமார் போனார்கள், கணக்கப்பிள்ளைமார் போனார்கள், கிளாக்கர்மார் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள். சின்ன தொரைமாருக்குத் தொலைபேசி அழைப்பு வந்தது. பெரிய தொரைக்குச் சிகரெட் ஞாபகம் வந்தது. கடைசியாகப் போகிறவனே தலைவன் என்று டிரெக்டரும் போனார். வந்தவர்களில் ஜெயரூபன் மட்டும் கணினியோடு மிஞ்சினார். திரையில் ‘நாம் அனைவரும் சமம்’ என்ற எழுத்து, காலி நாற்காலிகளுக்குப் பாடம் நடத்தியது. நாற்காலிகள் ஏற்கெனவே சமமாகத்தான் இருந்தன.

அந்த நேரம் பார்த்து ஹாஜியாரும் நௌபரும் உள்ளே நுழைந்தார்கள். நௌபரின் கையில் அளவு நாடா.

“கூட்டம் எங்க தம்பி?”

“இடைவேளை ஹாஜியார்” என்றார் கஜேந்திரன், குரலில் பிசிறில்லாமல்.

“தொடங்கிட்டா?”

“சர்வதேச முறையில மொதல்ல இடைவேளை.”

நௌபர் சுவரோரம் குந்தி நாடாவை இழுத்தார். அது இழுபடுகிற சத்தம் கஜேந்திரனின் முதுகெலும்பில் கேட்டது. அவர் கார் பார்க்குக்கு ஓடினார்.

அங்கே வெயிலில், ஆளுக்கொரு மூலையாகத் தோட்டம் சிதறிக் கிடந்தது. கஜேந்திரன் பூப்பாத்திக் கட்டில் ஏறினார். கனவான்களே, தயவுசெய்து ஆசனங்களில் அமருங்கள் என்று ஆங்கிலத்தில் அழைப்பதுதான் அவருடைய உத்தேசம். வாயைத் திறந்தார். வந்தது ஆங்கிலமுமில்லை, தோஹாவுமில்லை. விடிகாலையில் லயத்துக் கதவுகளைத் தட்டிக்கொண்டு போன அவருடைய அப்பாவின் தொண்டை.

“என்னா பேச்சு அங்க. பெரட்டுக்கு நேரமாச்சு, வந்து நில்லுங்க.”

தோட்டத்தில் நாள் பிறப்பதே பெரட்டில்தான்: விடிந்ததும் களத்தில் ஆட்களை நிறுத்தி, பேர் கூப்பிட்டு, இன்னாருக்கு இன்ன வேலை என்று பிரிப்பது. அந்தச் சொல் காதில் விழுந்ததும் மூளையைக் கேட்காமலே கால்கள் நகர்ந்தன. கங்காணிமார் வரிசையாகினார்கள். கணக்கப்பிள்ளைமார் வரிசைக்கு எதிரே, கிளாக்கர்மார் ஒரு பக்கமாக. சிகரெட்டைக் காலால் நசுக்கிவிட்டுப் பெரிய தொரை படிக்கட்டில் ஏறி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். சின்ன தொரைமார் அவருக்கு ஒரு படி கீழே. டிரெக்டர் எங்கே நிற்பதென்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. எல்லோரும் கொஞ்சம் விலகிய விலகலில் ஓரிடம் உருவாயிற்று, பெரிய தொரைக்கு வலப்புறம், அரையடி முன்னால். அவர் அதில் போய்ப் பொருந்தினார். பொருந்தியது அவருக்கே தெரியாது.

நல்லையா ஒவ்வொரு டிவிஷனாகப் பேர் கூப்பிட்டார். “சாமி”, “சாமி” என்று பதில் வந்தது. மண்டபத்தில் அவ்வளவு நேரம் திணறிய சனம், இப்போதுதான் மூச்சு விட்டது.

டிரெக்டர் பழைய சின்ன தொரை. இளமையில் தோட்டத்தில் தமிழ் பழகியவர், ஆனால் பழகியதெல்லாம் ஏவல்தான். மண்டபத்துக்குள் பண்பாகப் பேச வேண்டியிருந்ததால் ஊமையாக நின்றவர், இங்கே சரளமானார்.

“சரி. சொல்லு. என்ன பிரச்சினை?”

“மேல் டிவிஷன்ல கொழுந்து மடுவத்துக்குக் கூரை இல்லீங்க தொரை” என்றார் ரெங்கம்மா. “ஆடிக் காத்து தகரத்தக் கொண்டுபோயிருச்சு. மழையில கொழுந்து நிறுக்கிறோம். நனைஞ்ச கொழுந்துன்னு டீமேக்கர் ஐயா ஏசுறாரு.”

“நனைஞ்சத நனைஞ்சதுன்னுதானே சொல்லணும்” என்றார் தொழிற்சாலைக்குப் பொறுப்பான டீமேக்கர், கிளாக்கர்மார் பக்கத்திலிருந்து.

“ஏசட்டும்ங்க தொரை. அவரு ஏச்சு இல்லாட்டி எங்களுக்கும் நாள் போகாது. கூரைக்குக் கீழ நின்னு வாங்கிக்கிறோம்.”

வரிசை குலுங்கிச் சிரித்தது. டீமேக்கரும் மீசைக்குள் சிரித்தார். பெரிய தொரை மெல்ல, “நான் கேட்டு அனுப்பியிருக்கேன் சேர்” என்றார். டிரெக்டர் இருமினார். “அடுத்த கிழமை தகரம் வரும். அடுத்தது. சொல்லு.”

லொறி பிந்துவதைச் சொன்னார்கள். காட்டுப்பன்றியைச் சொன்னார்கள். பன்றியைப் பற்றி மட்டும் ஆளுக்கொரு பக்கமாக வாதாடினார்கள், அதிலும் ஒரு முடிவு வந்தது. கொழும்பில் முழுநாளும் எடுக்கிற கூட்டம், சாப்பாட்டுக்கு மணியடிக்கும் முன்பே முடிந்துபோனது.

ஆளில்லாத மண்டபத்தில் அலுத்து ஜெயரூபன் வெளியே வந்தபோது கடைசி விஷயம் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு கணம் திகைத்தார். கொழும்புக்காரருக்குத் திகைப்பு அதற்கு மேல் நீடிக்காது.

“ஸ்டாண்ட்-அப் மீட்டிங்” என்றார் டிரெக்டரின் காதில். “உலகத்திலயே ஆகப் புது முறை. கதிரை இருக்கிற வரைக்கும் படிநிலை இருக்கும் சேர். கதிரைய எடுத்தம், படிநிலை போச்சு.”

டிரெக்டர் சுற்றிலும் பார்த்தார். தாமும் நிற்கிறார், கங்காணியும் நிற்கிறார். நெஞ்சு நெகிழ்ந்தது. ஊவாவில் அன்றைக்குக் கூடிய கூட்டங்களிலேயே யார் மேல், யார் கீழ் என்பது பாதத்தின் அளவுக்குத் துல்லியமாகத் தெரிந்த கூட்டம் அதுதான் என்பதை அவரிடம் சொல்ல அங்கே யாருக்கும் வேலையில்லை.

“இது உங்கள் ஏற்பாடா?” என்று அவர் கஜேந்திரனை ஆங்கிலத்தில் கேட்டார்.

“ஆமாங்க சேர்” என்றார் கஜேந்திரன். “உள்ள நாற்காலி போட்டதே, அது வேணாம்னு உங்களுக்கே தோணட்டும்னுதான். தோஹாவுல இது பழகிப்போன விஷயம்.”

நல்லையா இதைக் கேட்டார். கஜேந்திரனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “அப்பன் தொண்டையில தோஹா பேசுதுப்பா” என்று மட்டும் சொல்லிச் சோற்றுப் பக்கம் நடந்தார். கஜேந்திரன் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். அப்படி எடுத்துக்கொள்வதில் அவருக்கு நல்ல பயிற்சி இருந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு டிரெக்டர் ஹாஜியாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். கம்பெனியின் எல்லாத் தோட்டங்களும், மாதம் தவறாமல், இங்கேதான். ஹாஜியார் தொப்பியைச் சரிசெய்தபடி அல்லாஹ்வைப் புகழ்ந்தார். பிறகு வியாபாரி விழித்துக்கொண்டார்.

“மண்டபம் எந்தெந்த நாளைக்கு வேணும் சேர்?”

“மண்டபம் வேண்டாம்” என்றார் டிரெக்டர். “இந்தக் கார் பார்க் போதும்.”

ஹாஜியார் கஜேந்திரனைப் பார்த்தார். கஜேந்திரன் நிமிர்ந்து நின்றார். கூட்டம் சரிவந்தால் வேலை நிலைக்கும் என்பது ஹாஜியாரின் வாக்கு, கூட்டம் சரிவந்துவிட்டது. ஹாஜியார் வாக்குத் தவறாதவர். உள்ளே நௌபர் நான்காவது சுவரை அளந்து முடித்திருந்தார்.

மண்டபம் நௌபரின் டைல்ஸுக்குப் போனது; கஜேந்திரனின் வேலை அன்றே நிரந்தரமானது. கார் பார்க்கில் வெள்ளைச் சாயத்தால் கோடு போட்டு, யார் யார் எங்கே நிற்பதென்று அடையாளமிட்டிருக்கிறார். ‘திறந்தவெளி மாநாட்டு வளாகம்’ என்று அதற்கு நாமகரணமும் செய்தாயிற்று. கொஸ்லந்தைப் பக்கத்துத் தோட்டமும் வருகிறது, பூனாகலையும் வருகிறது. சொந்தக்காரர்கள் வரிசையில் நின்று நிமிர்ந்து பார்க்க, அவர் பூப்பாத்திக் கட்டின்மேல் ஏறிக் குரல் கொடுக்கிறார். பதுளையிலிருந்து இரண்டு ஹோட்டல்காரர்கள் இந்தச் சர்வதேச முறையைக் கற்றுக்கொள்ள வந்து போனார்கள்.

மழை பெய்தால் கூட்டம் கிடையாது.